மாடு ஏன் சுவரை நக்குகிறது?

(தலித் இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து நிலம் பற்றிப் பேசினார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசினார்கள். இப்ப நான் வந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் எந்த உப்பு வாங்கிப் போடறது என்று பேசப்போகிறேன். பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிக்கிறது தெரியுது. சிரிங்க. ஆனா ஒரு கேள்விக்குக் கை தூக்குங்க. இங்க இருக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு ஆட்டையோ மாட்டையோ வித்துத்தான் காலேஜ் ஃபீஸ் கட்டினாங்க? பாருங்க, பாதிக்கு மேல. நிலம் இல்லாத நம்ம வீட்டில் சேமிப்பு என்று ஒன்று இருந்தால் அது கட்டுத்தறியில்தான் நிற்கிறது. அதைக் கட்டி மேய்க்கிறது பெரும்பாலும் நம்ம அம்மாக்களும் ஆயாக்களும். அந்தச் சேமிப்பு எதனால் அழிகிறது என்பதைப் பேசாமல் நாம் என்ன பொருளாதாரம் பேசப் போகிறோம்?

எங்க வீட்டில் 1980-களில் ஒரு கடன் மாடு இருந்தது. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று அப்போது ஒன்று நடந்தது. ஊரில் ஐ.ஆர்.டி.பி. மாடு என்றுதான் சொல்லுவாங்க. ஜெர்சிக் கலப்பு. நிலம் ஒரு சென்ட் கிடையாது, மேய்ச்சல் கிடையாது, மாடு மட்டும் கொடுத்தாங்க. அதுக்குத் தின்னக் கொடுக்க எங்கம்மாகிட்ட இருந்தது அறுப்புக்குப் போன இடத்தில் கிடைக்கிற வைக்கோல், வரப்பில் அறுத்துக்கிட்டு வர்ற புல், கழனித்தண்ணி. அவ்வளவுதான்.

அந்த மாடு சுவரை நக்கும். மண்ணைத் தின்னும். கொடியில் காயப்போட்ட துணியைக் கடிச்சு மென்னுக்கிட்டு நிக்கும். ஒரு நாள் கயிறு அவுத்துக்கிட்டு ஊர்த்தெருவுக்குப் போயிடுச்சு. அங்க ஒரு ஆண்டை வீட்டு மண்சுவரில் உப்புப் பூத்திருந்தது. நக்கி நக்கி அடியில் ஒரு சாண் பள்ளமாக்கிவிட்டது. எங்கம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினாங்க. அந்த வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கு: "சேரி மாட்டுக்கும் சேரி புத்திதானே இருக்கும், கண்டதையும் திங்கத்தான செய்யும்." எங்கம்மா மண் குழைச்சு அந்தச் சுவரைப் பூசிக் கொடுத்து, சுண்ணாம்பும் அடிச்சுட்டு வந்தாங்க. கூலி கிடையாது. அன்னைக்கு வீட்டுக்கு வந்து மாட்டை அடி அடின்னு அடிச்சாங்க. நானும் அடிச்சேன்.

பிறகு ஒரு கால்நடைப் பயிற்சியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிஞ்சது. மாடு சுவரை நக்குவது புத்தி இல்லை, பற்றாக்குறை. புல்லிலும் வைக்கோலிலும் சோடியம் மிகக் குறைவு. மாடு, ஆடு இரண்டுக்கும் சோடியம் கட்டாயம் வேண்டும். கிடைக்காதபோது அது வியர்வை நனைந்த துணியை, மூத்திரம் ஊறிய மண்ணை, உப்புப் பூத்த சுவரைத் தேடிப் போகும். பாஸ்பரஸ் குறைந்தால் மண், மரம், தோல், எலும்பு என்று கடிக்கும். வயித்தில் பூச்சி இருந்தாலும் இப்படிச் செய்வதுண்டு. அதனால் முதலில் பூச்சி மருந்து கொடுக்கணும். ஆக, இல்லாமையால் வந்ததை இயல்பு என்று சொல்லிவிட்டார்கள். தோழர்களே, இந்த வேலையை மாட்டிடம் மட்டுமா செய்தார்கள்? மனுசனைப் பட்டினி போட்டு, செத்த மாட்டைத் தின்ன வைத்து, பிறகு "அவன் அதைத் தின்கிறவன், அதனால் தீண்டத்தகாதவன்" என்று சொன்னதும் இதே தர்க்கம்தான். மாட்டுக்கறி நம்ம உணவு, அதுக்கு நாம் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் செத்ததைத் தின்ன வேண்டும் என்ற நிலைமையை நம்ம மேல் சுமத்தினார்கள். 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அதைக் கைவிடச் சொன்னது அதனால்தான்.

அந்த மாட்டுக் கதையை முடிக்கிறேன். ரெண்டாவது கன்னு போட்ட மறுநாள் மாடு படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. கழுத்தை மடக்கி விலாப்பக்கம் வச்சுக்கிட்டுக் கிடந்தது. காது சில்லுன்னு இருந்தது. காத்து கருப்பு என்று சொல்லிச் சூடு போட்டாங்க. டாக்டரைக் கூப்பிட எங்கப்பா போனார். அவர் வரவில்லை. விடியறதுக்குள்ள மாடு செத்துப் போச்சு. அதுக்குப் பேர் பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. கன்னு போட்டதும் சீம்பாலில் ஒரேயடியாகக் கால்சியம் இறங்கிவிடும். எலும்பில் சேமிப்பு இருந்தாலும் ரத்தத்துக்கு அந்த வேகத்தில் வந்து சேராது. ரத்தநாளத்தில் கால்சியம் மருந்து ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிடும். இதை நான் பிறகு கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்னைக்குச் சந்தோஷம் வரலை, அழுகைதான் வந்தது. மாடு போச்சு, கடன் போகலை. மூணு வருசம் கட்டினோம்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியம் வெளியே போகிறது. பாஸ்பரஸ் 1 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அஞ்சு லிட்டர் கறக்கிற மாடு தினமும் 6 கிராம் கால்சியத்தைப் பாலில் கொடுத்துவிடுகிறது. தின்கிற தீவனத்தில் உள்ளது எல்லாமே உடம்பில் சேராது, ஒரு பங்குதான் சேரும். அப்ப வாய் வழியாக அதைவிட அதிகமாகப் போயாகணும். நாம் போடுவது வைக்கோல். வைக்கோலில் பாஸ்பரஸ் சுமார் 0.1 சதவீதம்தான். கால்சியம் கொஞ்சம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பாஸ்பரஸ் எங்கே இருக்கிறது? தவிட்டில் இருக்கிறது. அரிசித் தவிட்டில் 1.5 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, வைக்கோலைப்போல 15 மடங்கு. இதை யோசிச்சுப் பாருங்க. ஒரு காலத்தில் கூலி நெல்லாகக் கிடைத்தது. நம்ம பெண்கள் வீட்டில் குத்தினார்கள். அரிசி மனுசனுக்கு, தவிடு மாட்டுக்கு. அந்தக் கூலியில் சுரண்டல் இல்லை என்று சொல்ல வரவில்லை. படியளக்கிற மரக்காலிலேயே ஏமாற்றுதான். ஆனால் தவிடு நம்ம கொட்டாயில் இருந்தது. பிறகு நெல்லு மில்லுக்குப் போனது. கூலி காசாக மாறியது. இன்றைக்கு ரேஷன் அரிசி தீட்டி வெள்ளையாக வருகிறது. தவிடு எண்ணெய் ஆலைக்கும் தீவன ஆலைக்கும் போகிறது. விளைவித்தவன் கையில் மிச்சம் இருப்பது வைக்கோல். அதுவும் அறுப்பு எந்திரம் வந்த பிறகு கட்டு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

எலும்பு விஷயம் இன்னும் கொடுமை. எங்க மாடு செத்த மறுவாரம் சைக்கிளில் எலும்பு வாங்குகிறவர் வந்து எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போனார். அந்த எலும்பு எங்கே போகிறது? ஆலையில் அமிலத்தில் ஊறப்போட்டு ஜெலட்டின் எடுக்கிறார்கள். மாத்திரைக் கூடு செய்கிற ஜெலட்டின். மிச்சக் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்தால் டைகால்சியம் பாஸ்பேட் கிடைக்கிறது. அது கோழித் தீவனத்துக்கும் கால்நடைத் தாது உப்புக்கும் போகிற சரக்கு. பாறையிலிருந்தும் அதே பொருளைச் செய்கிறார்கள். ஆனால் நூற்றாண்டுக்கணக்காக ஊரின் செத்த மாட்டை இழுத்து, தோல் உரித்து, எலும்பு பொறுக்கியவன் யார்? இழிதொழில் என்று பேர் வைத்து நம்மைச் செய்ய வைத்தார்கள். எலும்பு ஆலை வாசலைத் தாண்டினதும் அது தொழிற்சாலைச் சரக்கு, அதில் இழிவு இல்லை, லாபம் மட்டும்தான். பிறகு அதே சத்து பளபளப்பான பையில், மாட்டுப் படம் போட்டு, நம்ம அம்மாகிட்டயே விலைக்கு வருகிறது. 2016-ல் குஜராத் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம்ம இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். உங்க மாட்டை நீங்களே எடுங்க, எங்களுக்கு நிலம் கொடுங்க என்றார்கள். அந்தக் கேள்வியின் இன்னொரு முனைதான் நான் பேசுகிற உப்பு.

இதைக் கேட்டுவிட்டு யாராவது வீட்டில் எலும்பைச் சுட்டு இடித்து மாட்டுக்குப் போட வேண்டாம். அடைப்பான் நோய்க் கிருமி அதில் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பாஸ்பரஸ் இல்லாத மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்து, அதிலிருந்த நஞ்சால் கால் முடங்கிச் செத்துக்கொண்டிருந்தன. அர்னால்ட் தெய்லர் என்ற கால்நடை விஞ்ஞானி அதை ஆராய்ந்து, மண்ணில் பாஸ்பரஸ் இல்லாததே மூலகாரணம் என்று 1920-களில் நிறுவினார். எலும்பைத் தின்னும் மாட்டைக் குற்றம் சொல்லாமல் மண்ணைப் போய்ப் பார்த்தார். நாமும் அப்படித்தான் பார்க்கப் பழகணும்.

இனி வாங்குவது பற்றி. கடையில் மூணு சரக்கு இருக்கும். மூணும் ஒன்னு என்று நினைக்கிறோம். இல்லை.

முதலாவது, நக்கு கட்டி. கயிற்றில் தொங்கவிடுகிற சிவப்புக் கட்டி. பெரும்பாலும் அது சாப்பாட்டு உப்புதான். கொஞ்சம் இரும்பும் வேறு சிலதும் சேர்த்திருப்பார்கள். சுவர் நக்குகிற மாட்டுக்கு அது போதும். ஆனால் அதிலிருந்து பாலுக்கு வேண்டிய கால்சியமோ பாஸ்பரஸோ வராது. அதே உப்பைக் கடையில் கல்லுப்பாக வாங்கித் தீவனத்தில் போட்டால் செலவு மிகக் குறைவு. பெரிய மாட்டுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம். கட்டி வாங்கினால் வெயில், மழை படாத இடத்தில் கட்டுங்க.

இரண்டாவது, தாது உப்புக் கலவை. தூளாக இருக்கும். இதில்தான் கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், துத்தநாகம், தாமிரம், கோபால்ட், அயோடின் எல்லாம் இருக்கணும். கறவை மாட்டுக்கு நாளைக்கு 30 முதல் 50 கிராம், வளர்ந்த ஆட்டுக்கு 5 முதல் 10 கிராம். அடர்தீவனம் கலக்கிறவர்கள் 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பு, 1 கிலோ சாப்பாட்டு உப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் தராசு இருக்காது. கடையில் ஒரு தடவை எடை போட்டு, ஒரு டப்பா மூடியில் கோடு கிழிச்சுக்கோங்க. ஒரு மாட்டுக்கு மாசம் ஒன்றேகால் கிலோ தேவைப்படும்.

மூணாவது, பாட்டில் டானிக். கால்சியம் டானிக் என்று கலர் கலராக வரும். விலை அதிகம், சத்துக் கணக்கு குறைவு. டாக்டர் சொன்ன காரணத்துக்காக மட்டும் வாங்குங்க. முக்கியமா, கன்னு போடறதுக்கு முந்தின ரெண்டு மூணு வாரம் கால்சியத்தை ஊத்தாதீங்க. அந்தச் சமயத்தில் அளவுக்கு மீறிக் கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிற பழக்கம் உடம்புக்குக் குறைந்து, பால் காய்ச்சல் வருவது கூடும். கன்னு போட்ட பிறகு கொடுங்க.

பையை வாங்குகிறபோது மாட்டுப் படத்தைப் பார்க்காதீங்க, பின்பக்கம் படிங்க. படிச்ச பிள்ளைகளுக்கு இதுதான் வேலை. இந்தியத் தரக்கட்டளை ஐ.எஸ். 1664 என்று ஒன்று இருக்கிறது. 2002-ல் திருத்திய அதன்படி கால்சியம் குறைந்தது 20 சதவீதம், பாஸ்பரஸ் குறைந்தது 12 சதவீதம் இருக்கணும். ஃபுளோரின் 0.07 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. முதலில் பாஸ்பரஸைப் பாருங்க. விலை கூடிய சரக்கு அதுதான், ஏமாற்றுவதும் அதில்தான். சுண்ணாம்புக்கல் தூளும் உப்பும் கலந்து, கால்சியத்தைப் பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். சுத்தப்படுத்தாத பாறைத்தூள் கலந்தால் ஃபுளோரின் ஏறி, நாளாவட்டத்தில் பல்லும் எலும்பும் கெடும். ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். கிலோ 60 ரூபாய் பையில் 6 சதவீதம் பாஸ்பரஸ் என்றால் 60 கிராம். கிராம் ஒரு ரூபாய். கிலோ 90 ரூபாய் பையில் 12 சதவீதம் என்றால் 120 கிராம். கிராம் 75 காசு. எது மலிவு? சத்து விவரமே போடாத பையைத் திருப்பிக் கொடுத்துடுங்க. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரிக்கிற தாது உப்புக் கலவை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம்.

செம்மறி வைத்திருப்பவர்கள் மாட்டுக்கான கலவையைப் போடும் முன் கேட்டுப் போடுங்க. செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகும். யூரியா கலந்த கட்டி ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்குக் கூடவே கூடாது. தண்ணியில் கரைச்சும் கொடுக்கக் கூடாது. காசு இல்லாத வீட்டில் அகத்தி, கிளிரிசிடியா, சவுண்டல் இலைகளில் கால்சியம் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. ஒரு கூடை தவிடு சேர்ந்தால் பாஸ்பரஸும் வந்துவிடும். பட்டினி கிடக்கிற மாட்டுக்குத் தாது உப்பு மட்டும் போட்டால் சினை பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. முதலில் வயிறு நிறையணும், அப்புறம்தான் உப்பு.

இன்னொன்று தண்ணி. உப்புத் தின்கிற மாட்டுக்குத் தண்ணி தட்டாமல் கிடைக்கணும். இல்லையென்றால் அந்த உப்பே கொல்லும். தண்ணி யாருடைய கையில் இருக்கிறது? மகாடு சவுதார் குளத்தில் மாடு தண்ணி குடிக்கலாம், நாம் குடிக்கக் கூடாது என்றிருந்தது. இன்றைக்கு நம்ம ஊர்களில் கூலி உயர்வு கேட்டால், கோவிலுக்குள் போனால், காதல் கல்யாணம் நடந்தால், முதலில் விழுகிற அடி என்ன? "எங்க வரப்பில் புல் அறுக்காதே, எங்க மோட்டாரில் மாட்டுக்குத் தண்ணி காட்டாதே." ஏரி உள்வாயிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் முள்ளைப் போட்டு மறிப்பார்கள். மனுசனை அடித்தால் கேஸ் ஆகும் என்று மாட்டைப் பட்டினி போடுகிறார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தில், ஊரின் பொதுச் சொத்தையும் நீர்நிலைகளையும் மற்றவர்களுக்குச் சமமாக நாம் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று இருக்கிறது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். அடுத்த முறை புகார் எழுதுகிறபோது ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடந்ததையும் தேதி போட்டு எழுதுங்க.

பால் சங்கத்தையும் விடாதீங்க. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி நடந்த ஆய்வு 2006-ல் புத்தகமாக வந்தது. கணக்கெடுத்த கிராமங்களில் கிட்டத்தட்ட பாதியில் கூட்டுறவுச் சங்கத்தில் தலித்துகள் பால் ஊற்ற முடியவில்லை என்று அது சொன்னது. சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்றால் பால் விலை மட்டும் போகவில்லை; சங்கம் வழியாக வருகிற தாது உப்பும் மருத்துவ வசதியும் போகிறது. 2011-ல் தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடு கொடுக்கிற திட்டம் தொடங்கியது. ஆடு வந்தது, மேய்ச்சல் வரலை. எங்க மாட்டுக் கதை மாதிரியேதான். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. நாலு காலோடு வந்த பிராணிக்கு நாலு முழம் நிலம் இல்லாமல் எப்படி என்றுதான் கேட்கிறேன். பஞ்சமி நிலம் பற்றிக் காலையில் பேசியதை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்க.

நீங்க ஊருக்குப் போய்ச் செய்ய வேண்டியது மூணுதான். ஒன்று, உங்க தெருவில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எது சுவர் நக்குது, எது கன்னு போட்டும் பருவத்துக்கு வரலை என்று நோட்டில் எழுதுங்க. இரண்டு, பத்து வீடு சேர்ந்து மூட்டையாகத் தாது உப்பு வாங்கிப் பிரிச்சுக்கோங்க. பையின் பின்பக்கத்தை ஒரு பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும். மூணு, அந்த நோட்டை எடுத்துக்கிட்டுப் போய்க் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, டாக்டர் நம்ம தெருவுக்குள் வந்து முகாம் நடத்தணும் என்று எழுத்துமூலம் கேளுங்க. ஊர்த்தெரு முனையோடு நின்னுட்டுப் போகக் கூடாது.

எங்கம்மா இப்ப இல்லை. சுவர் ஏன் நக்குச்சு என்று அவங்களுக்குச் சொல்லணும் என்று நினைச்சிருந்தேன், சொல்ல முடியலை. உங்க அம்மாவுக்குப் போய்ச் சொல்லுங்க.

ஜெய்பீம்.